கேளாமல் கட்டிய காப்பு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கடன் புதிதல்ல. தீபாவளி முடிந்ததும் வேலை குறைகிறது. மழைக் காலத்தில் வெயிலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கல்யாணமும், பள்ளிக்கூடச் செலவும், நோயும் வேலை இருக்கும் மாதத்தைப் பார்த்து வருவதில்லை. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு பட்டாசு விஷயமாகத் தீர்ப்பளித்த பின்னர் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை இந்த ஜில்லா மறந்திராது. அந்நாட்களில் கடன் வாங்காமல் காலம் தள்ளிய தொழிலாளி குடும்பங்கள் எத்தனை?

கடன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் கடனோடு கூட, கேளாத சரக்கொன்றையும் தலையில் கட்டி அனுப்பும் வழக்கம் தேசமெங்கும் பரவியிருக்கிறது. கடன் இன்ஷூரன்ஸ் என்பது அச்சரக்கின் பெயர். ஓர் உதாரணம் சொல்வோம். ஒருவர் ரூ.50,000 கடன் கேட்கிறார். பல காகிதங்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். கைக்கு வருவது ரூ.48,000. மீதி ரூ.2,000 எங்கே என்று கேட்டால், “இன்ஷூரன்ஸுக்குப் பிடித்திருக்கிறோம், எல்லோருக்கும் அப்படித்தான்” என்ற பதில் வருகிறது. வட்டியோ ரூ.50,000-க்கும் கட்ட வேண்டும். கேளாத சரக்குக்கு விலை கொடுத்தது போதாதென்று, அந்த விலைக்கு வட்டியும் கொடுக்கிறார் அந்த ஏழை. விற்றுக் கொடுத்த கடன் ஸ்தாபனத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கமிஷன் கிடைக்கிறது. எல்லோருக்கும் லாபம், கடன்காரருக்கு மட்டும் நஷ்டம்.

இது நமது கற்பனையல்ல. பாங்குகள் பொருந்தாத இன்ஷூரன்ஸை விற்பதால் கடன் வாங்குவோரின் செலவு மறைமுகமாக ஏறுகிறது என்று 2024 நவம்பரில் நிதி மந்திரி ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன் அவர்களே பாங்குக்காரர்களின் மகாநாட்டில் எடுத்துக் கூறினார்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு சேவையைத் தருவதற்குப் பிரதியாக மற்றொருவரின் சரக்கை வாங்கும்படி வாடிக்கைக்காரரைப் பாங்கு நிர்ப்பந்திக்கலாகாது என்று ரிஸர்வ் பாங்கு 2014 டிசம்பரில் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் கூறுகிறது. சிறுகடன் ஸ்தாபனங்கள் இத்தகைய சரக்கைக் கடன்காரரின் முழுச் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும், அதன் கட்டணத்தைக் கடன் அட்டையிலேயே காட்ட வேண்டும் என்று 2022-இல் உத்தரவாயிற்று. 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கடன் தரும்போது முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்று, கடன்காரருக்குப் புரியும் பாஷையில் கொடுக்கப்பட வேண்டும். இன்ஷூரன்ஸ் செலவும் அதில் கணக்கிடப்பட வேண்டும். அத்தாளில் இல்லாத கட்டணத்தை, வெளிப்படையான சம்மதமின்றிப் பிடிக்கக்கூடாது. “கையெழுத்துப் போட்டவர் நீர்தானே” என்று இனி எவரும் தப்பித்துக்கொள்ள இயலாது.

இதனால் இன்ஷூரன்ஸே வேண்டாமென்று நாம் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். ஒரு பொறியில் உயிர் போகும் தொழில் இது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் சுமார் 20 பேர். 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டியில் மீண்டும் சாவு. இப்படிப்பட்ட ஜில்லாவில் காப்பு இல்லாத குடும்பம் கூரை இல்லாத வீடு. ஆண்டுக்கு ரூ.20 கட்டினால் விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சமும், ரூ.436 கட்டினால் எவ்வித மரணத்துக்கும் ரூ.2 லட்சமும் கிடைக்கும் சர்க்கார் திட்டங்கள் பாங்குக் கணக்கின் மூலமே கிடைக்கின்றன. அந்தப் பணம் குடும்பத்துக்கு வருகிறது. கடன் இன்ஷூரன்ஸ் பணமோ முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகிறது. எந்தக் காப்பு யாரைக் காக்கிறது என்று பிரித்தறிய வேண்டும்.

இதைவிடக் கொடிய விஷயம் ஒன்று உண்டு. பாலிஸி இருப்பதே வீட்டாருக்குத் தெரியாது. சம்பாதிப்பவர் இறந்தால், இன்ஷூரன்ஸ் அடைக்க வேண்டிய கடனை விதவையான மனைவி தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருப்பாள். ஒளித்து விற்ற சரக்கு இருமுறை கொள்ளையிடுகிறது: விற்கும்போது ஒரு முறை, பயன்பட வேண்டிய வேளையில் மறுமுறை. ஆகவே, மரணம் நேர்ந்த வீட்டில் கடன் பாக்கி இருந்தால், முதற்கேள்வி “இந்தக் கடனுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?” என்பதாகவே இருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே மோசடி நடந்தது. கடனோடு ஒட்டி விற்ற இன்ஷூரன்ஸைப் பற்றி 2005-இல் ஜனங்களின் சார்பில் முறையீடு எழுந்தது. 2011-இல் பாங்குகள் கோர்ட்டில் தோற்றன. பணம் கேட்க 2019 ஆகஸ்டு 29 கடைசி நாளென்று கெடு வைத்தார்கள். அதற்குள் லட்சக்கணக்கானோர் கேட்டுவிட்டனர். பாங்குகள் திருப்பிக் கொடுத்தது சுமார் 3,800 கோடி பவுன். கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது. வாங்கிக் கொடுப்பதாகப் புறப்பட்ட தரகர்கள் அதில் பங்கு பிடுங்கியதும் உண்மை. நமக்கு அந்தத் தரகர்கள் தேவையில்லை.

வழி எளிது. கடன் அட்டையையும் கணக்கு நகலையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் என்று பிடித்திருந்தால் பாலிஸியின் நகலை எழுத்து மூலம் கேட்க வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி ஆயுள், ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் பாலிஸி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பி அனுப்பலாம். சிறு பிடித்தம் போகப் பணம் வரும். கெடு கடந்திருந்தாலும், சம்மதமின்றி விற்றார்கள் என்று கடன் ஸ்தாபனத்துக்குப் புகார் எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அல்லது பதில் நியாயமாக இல்லாவிட்டால் ரிஸர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதான புகாருக்குச் சென்னையில் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டுக்கும் கட்டணமில்லை. நுகர்வோர் கமிஷனிலும் ரூ.5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமில்லை. கடனைக் கெடுவுக்கு முன் அடைத்தவர்கள், எஞ்சிய காலத்துக்குரிய பிரீமியத்தில் என்ன திரும்பும் என்று கேட்கத் தவறலாகாது.

பிறரைக் குறை கூறி நமது கடமையை மறப்பது சரியல்ல. காய்கறி வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிற நாம், மூன்றாண்டு கட்ட வேண்டிய கடனுக்குப் படிக்காமல் கையெழுத்திடுகிறோம். தீபாவளிப் போனஸ் வரும் என்ற தைரியத்தில் மேற்கடனும் வாங்குகிறோம். கையெழுத்து ஒரு மனிதனின் வாக்கு. தெரியாத வாக்கைக் கொடுக்கலாகாது. தெரிந்து எடுத்த பாலிஸியைத் தெரியாதென்று சொல்லிப் பணம் கேட்பதும் மோசடியே. அந்த இழிவை நமது தொழிலாளிகள் செய்யமாட்டார்கள் என்பது நமது நம்பிக்கை.

விருதுநகர் வியாபாரிகள் மகமை என்று சரக்குக்கு இவ்வளவென வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தார்கள். கொடுத்தவனுக்கு எதற்குக் கொடுத்தோம் என்பது தெரிந்திருந்தது. அந்த ஊரில் தெரியாமல் பிடிக்கும் பணத்தைச் சகித்துக்கொண்டிருப்பது நியாயமா?

தேசத் தொண்டர்களுக்கும் சங்கத்து ஊழியர்களுக்கும் நாம் சொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிராமத்துக்குப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்து, தாய்மார்களின் கடன் அட்டைகளை வாங்கி உரக்கப் படித்துக் காட்டுங்கள். புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள், காசு வாங்காதீர்கள். ரூ.2,000 என்பது பாங்குக்குத் தூசு. வெடிமருந்தோடு பழகும் தொழிலாளிக்கு அது பல நாள் கூலி. அதைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, உரிமை.