உபகாரத்தை உரியவரிடம் உரைத்தல்

ஒருவர் காலமான மறுநாள் ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் படிக்கும்போதெல்லாம், அவற்றில் அடுக்கப்பட்டிருக்கும் குணவிசேஷங்களில் ஒன்றாவது அம்மனிதர் உயிரோடிருந்த காலத்தில் அவர் காதில் விழுந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு எழுவதுண்டு. பெரும்பாலும் விழுந்திருக்காது என்பதே என் அபிப்பிராயம். வேற்று மனிதர்களுக்கு நன்றி கூறுவதில் நாம் குறை வைப்பதில்லை; பொதுக்கூட்டத்து நன்றியுரை ஒலிபெருக்கி அமைத்தவர் வரையில் நீள்கிறது. தாய்க்கும் தமையனுக்கும் பாடம் சொன்ன வாத்தியாருக்கும் மட்டும், நமக்குள்ளே இதெல்லாம் எதற்கு என்ற எண்ணம் குறுக்கே வந்து நின்றுவிடுகிறது.

அந்த எண்ணத்தில் பாதி நியாயம் உண்டு. பெற்றவளிடம் போய் நன்றி என்று சம்பிரதாயமாகச் சொன்னால், பிள்ளைக்கு என்ன வந்துவிட்டது என்று அவள் கலங்கவே செய்வாள். ஆனால் உபசார வார்த்தை வேறு, உபகார ஸ்மரணை வேறு. இன்னார், இன்ன காலத்தில், இன்னது செய்தார் என்று விவரமாக நினைத்து அதனை வாய்விட்டுச் சொல்வது யாரையும் அந்நியமாக்குவதில்லை.

இந்த வித்தையில் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையருக்கு நிகரானவர் தமிழ்நாட்டில் அரியர். 1876-ல் மறைந்த தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை, தாம் எண்பது வயதை எட்டும் தறுவாயில், 1933, 1934-ஆம் வருஷங்களில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். கும்பகோணம் காலேஜில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவிக்கு 1880-ல் தம்மைச் சிபாரிசு செய்து அமர்த்திய தியாகராச செட்டியாரின் பெயரையே, சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டை வீட்டுக்குத் 'தியாகராஜ விலாசம்' என்று சூட்டினார். ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயர்களைப் பதிப்பு முகவுரைகளில் அவர் குறித்திருக்கும் சிரத்தையைப் பார்த்தால், கடன்பட்டவர் கணக்குத் தீர்க்கும் அவசரமன்று, அவர்களையெல்லாம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தும் ஆசையே அதில் தெரிகிறது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகமாகக் கவர்வது சேலம் இராமசுவாமி முதலியாரைப் பற்றி அவர் எழுதியிருப்பதுதான். அதே 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த முதலியார், தம்மைப் பார்க்க வந்த இளம் ஆசிரியரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டு, அவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று பெருமிதத்தோடு அடுக்கிய ஜாபிதாவைக் கேட்டுச் சிறிதும் வியப்படையாமல், இவற்றால் என்ன பிரயோஜனம் என்று வினவி, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று விசாரித்தார். ஒரு மகாவித்துவானிடம் பல வருஷம் பாடங்கேட்டவருக்கு அது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! அந்தக் கசப்பிலிருந்துதான் 1887-ல் சிந்தாமணிப் பதிப்பு பிறந்தது. தம் அந்திம காலத்தில் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதியபோது, அன்று தமக்கு நேர்ந்த ஏமாற்றத்தை மறைக்காமலும், அதனால் முதலியார்மேல் உள்ள மதிப்பைக் குறைக்காமலும் ஐயர் அதை விஸ்தாரமாக விவரித்தார். கேட்டதைக் கொடுத்தவரை எவரும் நினைப்பர். நம் கர்வத்தைக் குத்தி நம்மை வேறு வழியில் திருப்பியவரையும் உபகாரிகளின் வரிசையில் வைப்பதற்கு விசாலமான மனம் வேண்டும்.

நாமெல்லோரும் இரண்டு பாகங்களில் சரித்திரம் எழுதிவிட முடியாது என்பது வாஸ்தவம். ஆனால், காலேஜ் சம்பளம் கட்டுவதற்காகத் தன் வளையலை அடகு வைத்த அக்காளிடம், அந்த வளையல் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கு அச்சுக்கூடம் வேண்டியதில்லை. முதல் வேலையில் நாம் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்ன தலைமைக் குமாஸ்தா இன்றைக்குப் பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்கேனும் ஒரு தெருவில் இருப்பார். ஒரு தபால் கார்டு அவருக்குப் போதும். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லலாம்: கேட்பவர்கள் உருகிப் போவார்கள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அக்காள், அந்தப் பழங்கதையெல்லாம் இப்போது எதற்கடா என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பாள். குமாஸ்தாவோ பதில் எழுதினால் அதிலும் இரண்டு பிழைகளைத் திருத்தியே அனுப்புவார்.