கல்லூரிக்கு ஏற்ற பியானோ எது?

யூபிலி விழாவின் நினைவாகக் கல்லூரியின் சங்கீத அறைக்கு ஒரு மின்னணுப் பியானோ வழங்கல் வேண்டும் என்னும் விருப்பம் பழைய மாணவர் பலரிடையே எழுந்துள்ளது. நோக்கம் மிக நன்று. யாமும் மனமுவந்து வரவேற்கின்றோம். ஆயினும், எக்கருவியை வாங்குவது என்பதில் அவசரம் ஆகாது என்பதே எமது கருத்து.

கம்பி பூட்டிய பழைய மரப் பியானோவே சிறந்ததன்றோ எனக் கேட்போர் உளர். வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் நாம் உப்புக்காற்றின் இயல்பை அறியாதவரல்லேம். முன்னொருகால் ஒரு மண்டபத்தில் யாம் கண்ட பியானோவின் கம்பிகள் துருவேறியிருந்தன. ஈரத்தில் ஊதிய கட்டைகள் அழுத்தினால் மீண்டும் எழமாட்டா. சுருதி கூட்டுவோரும் அருகில் இலர். மின்னணுப் பியானோவிற்கோ சுருதி கூட்டும் தொல்லை இல்லை; தூசியும் ஈரமும் படாது மூடிவைத்தாற் போதும்.

ஆனால் அவ்வகையிலும் பல உள. கடையில் முதலிற் பேசப்படுவது ஓசைகளின் தொகையே. 2015இல் வந்த யமஹா பி-45 என்னும் கருவியில் ஓசைகள் 10. 2019இல் வந்த கஸியோ பிஎக்ஸ்-எஸ்3000இல் 700. இத்தொகையைக் கண்டு மயங்குதல் கூடாது. பயிலும் மாணவனுக்கு நல்லதொரு பியானோ ஓசையே முதற்றேவை. அவன் விரல் பழகுவது கட்டையில். ஓசைப் பட்டியலில் அன்று. 88 கட்டைகளும் இருத்தல் வேண்டும். சுத்தியல் அமைப்பால் அவை விரலுக்குக் கனம் காட்டுதலும் வேண்டும். மெல்ல அழுத்த மென்மையாகவும், வன்மையாக அழுத்த வலிதாகவும் ஒலித்தல் இன்றியமையாதது. ஒரே வேளையில் ஒலிக்கவல்ல சுரங்கள் பி-45இல் 64; வீட்டுப் பயிற்சிக்கு இது போதும். மிதியை அழுத்தியபடி பல சுரங்களை அடுக்கி வாசிக்கும் மேடைக் கலைஞருக்கு 128 வேண்டியிருக்கும்.

வீட்டிற்கும் மேடைக்கும் உள்ள வேற்றுமை சுமையிலும் விளங்கும். பி-45இன் நிறை 11.5 கிலோ. யமஹாவின் மேடைப் பியானோவாகிய சிபி88 18.6 கிலோ, அதற்குச் சொந்த ஒலிபெருக்கியும் இல்லை. மண்டபத்து ஒலிபெருக்கியோடு இணைப்பார்க்கு அது குறையன்று. சங்கீத அறைக்கோ பெருங்குறை. றோலண்ட் ஆர்டி-88 என்பது 13.5 கிலோவில் ஒலிபெருக்கியையும் உடையது. கல்லடியிலிருந்து ஆரையம்பதிக்கு முச்சக்கரவண்டியிற் கொண்டுசெல்வார்க்கு அது எளிது.

இனி, நமது இசைக்கே உரிய வினா ஒன்றுண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ்நூலில், பண்டைத் தமிழரின் சுரங்களைக் கணித முறையால் ஆராய்ந்தார். அந்நுட்பத்தைப் பியானோ அறியாது. ஒரு ஸ்தாயியை 1200 சென்றாகக் கொண்டால், சட்சத்தினின்று இயல்பான அந்தர காந்தாரம் 386இல் அமையும், பியானோவிலோ 400. பஞ்சமம் 702இற்குப் பதிலாக 700. கமகத்திற்கோ, இரு கட்டைகளுக்கு நடுவே இடமே இல்லை. இத்தகைய குறைகளைக் காட்டியே அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கியது. 1971இலேதான் அத்தடை தளர்ந்தது.

இக்குறையை ஓரளவு தீர்ப்பது சுருதியை வளைக்கும் சக்கரம் அல்லது நெம்பு. பிஎக்ஸ்-எஸ்3000, சிபி88, ஆர்டி-88 ஆகியவற்றில் அது உண்டு, பி-45இல் இல்லை. மேலை இசை பயில்வார்க்கு இவ்வின்மை பொருட்டன்று. பண்ணிசைக்கும் கருநாடக இசைக்கும் துணையாக வாசிக்க விரும்புவார் அதனைக் கேட்டறியாமற் பணங்கொடுத்தல் ஆகாது.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை இருளில் இருந்தோம். பிஎக்ஸ்-எஸ்3000 சிறிய பற்றரி 6இலும் இயங்கும். ஏனைய மூன்றும் பற்றரியில் இயங்கா.

எனவே எமது முடிபு இது: பெருவிலை மேடைப் பியானோ ஒன்றை வாங்கி, பரிசளிப்பு விழாவன்று மட்டும் திறந்து, ஏனைய நாளெல்லாம் பூட்டிவைத்தலினும், சிறு பியானோ இரண்டு வாங்கி நாள்தோறும் திறந்துவைத்தலே நன்று. ஒன்று கனமான கட்டையுடைய எளிய பயிற்சிக் கருவி. மற்றையது சுருதிச் சக்கரமும் பற்றரியும் உடையது. வீட்டில் கருவி வாங்க இயலாத மாணவன் பாடசாலை விட்டபின் ஹெட்போன் அணிந்து, பிறர்க்கு இடையூறின்றி ஒரு மணிநேரம் வாசித்துச் செல்லட்டும். அறைத் திறவுகோல் யாரிடம் இருக்கும், எந்நேரம் திறக்கப்படும் என்பவற்றை ஆசிரியரோடு பேசி முடிவுசெய்த பின்னரே பணம் திரட்டுவோமாக. மாணவர் விரல் பட்டுத் தேய்ந்த கட்டைகளே நம் கொடையின் பயனைக் கூறும்.