குடுவைச் செடியும் குட்டைச் செடியும்

தாவர சாஸ்திரம் பயிலும் மாணவரை அழைத்து, பூச்சியுண்ணும் செடி யாதென வினவினால், 'நெப்பெந்திஸ்' என்று தயங்காது விடை பகர்வர். இலையின் அலகே குடுவையாயிற்று என்றும், அதன் வாய்க்கு மூடியொன்று உண்டென்றும், வழுக்கி வீழ்ந்த பூச்சி உள்ளிருக்கும் நீரிற் கரைந்து செடிக்கு உணவாகின்றதென்றும் வரிசை தவறாது உரைப்பர். அச்செடியைக் கண்டதுண்டோ எனின், பார்மலின் நிறைந்த கண்ணாடிப் புட்டியில் நிறமிழந்து கிடக்கும் குடுவையொன்றைச் சுட்டுவர். பரீட்சைக்கு அது போதும், கல்விக்குப் போதுமோ?

நெப்பெந்திஸ் தஞ்சை நாட்டிற்கு உரியதன்று. இந்தியாவில் அஃது இயல்பாய் வளர்வது மேகாலயத்துக் காரோ, காஸி, ஜயிந்தியா மலைகளில். காரோ மக்கள் அதனைப் 'பேய்க்கூடை' எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். அதன் இனத்து மற்றொரு செடி இலங்கையின் தென்மேற்கு ஈரநிலங்களில் உண்டு. மேகாலயச் செடி அருகி வந்தமையால், 1991-இல் திருத்தப்பெற்ற வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காவலுக்குரியவையெனக் குறித்த ஆறு தாவரங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. ஆகவே, கலாசாலைதோறும் புதிய குடுவை வேண்டுமென்று அம்மலைகளுக்கு ஆளனுப்புதல் தகாது. உள்ள பழம்புட்டியே இன்னும் பல வகுப்பினர்க்குப் போதும்.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நம் வாய்க்காலோரக் குட்டைகளிலும், நீர் நிற்கும் வயல்களிலும், மழைக்காலத்தில் நீர்மேல் மஞ்சட்பூ நீட்டி நிற்கும் யூட்ரிகுலேரியா என்னும் செடியும் பூச்சியுண்பதே. நாள்தோறும் அதனைக் கடந்து கலாசாலைக்கு வரும் மாணவர் அதனைப் 'பாசி' என்பதோடு நிறுத்திக் கொள்கின்றனர்.

வண்டல் செழித்த காவிரி நாட்டில் ஒரு செடி பூச்சி பிடித்துண்ண வேண்டுவதேன்? பூச்சியுண்ணும் செடிகள் பெரும்பாலும் தழைச்சத்துக் குன்றிய நிலத்தனவன்றோ? விடை அதன் உடம்பிலேயே உளது: இச்செடிக்கு வேரில்லை. நெல்லை வளர்க்கும் வண்டல் கீழே கிடக்க, இது மேலே மிதந்து, தெளிநீரில் உள்ள சிறிது சத்தையே நம்பி வாழ்கின்றது. அக்குறையை நிரப்புவன அதன் பைகள். அவை கடுகளவின, சிலவற்றில் அதனினும் சிறியன. பைக்குள்ளிருக்கும் நீரைச் செடி வெளியேற்றுதலால் சுவர்கள் உள்வாங்கி நிற்கும். கதவருகே நீண்ட மயிரை நீர்ப்பூச்சியேனும் கொசுவின் இளம்புழுவேனும் தீண்டியவுடன், கதவு உட்புறம் திறக்க, சுவர்கள் விரிய, நீரும் இரையும் ஒருங்கே உள்ளிழுக்கப்படும். கண்ணிமைக்கும் நேரம் இதற்கு மிக அதிகம். 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி நூல் செய்த டார்வின்கூட, இரை தானே தலையால் முட்டி நுழைகின்றதென்று கருதினார். பை உறிஞ்சுதலைப் பின்வந்தோரே தெளிந்தனர். அத்துணை நுட்பமான பொருள் நம் வீட்டுப் புறத்தே கிடக்கின்றது!

இந்நாட்டுச் செடிகளை ஆராய்தல் மிஷன் ஊழியத்திற்குப் புதிதன்று. லின்னேயஸின் மாணாக்கராகிய கோனிக் 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராய் வந்து, நோயாளரைப் பார்த்ததோடு செடிகளையும் சேகரித்தார். அவருக்குப் பின் வந்த ராட்லர் ஐயர், தமிழகராதி தொகுத்த கையாலேயே செடிகளையும் உலர்த்தி வைத்தார். இவர்கள் தொலைதூரத்து அதிசயத்தைத் தேடியிருந்தவரல்லர். காலடியில் உள்ளதைக் குனிந்து பார்த்தவர்.

பாடத்திட்டம் நெப்பெந்திஸைக் கேட்கும்போது குட்டைச் செடியால் ஆவதென்ன என்பாரும் உளர். இரண்டையும் கற்பிப்பதற்குத் தடையில்லை. ஒன்றைப் புட்டியிலும் மற்றொன்றை உயிரோடும் காட்டலாம். தாமதத்திற்கு மட்டும் இடமில்லை. உரமும் கழிவும் கலந்த நீரில் ஆகாயத்தாமரை மண்டி ஒளியை மறைத்தபின், அடியில் இச்சிறுசெடிக்கு வாழ்வில்லை. இதற்கு உழவரைக் குறைகூறேன். குட்டையில் இன்னதுண்டென்று கற்றோரே அவருக்குச் சொல்லவில்லையே.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமையொன்றைச் செய்முறை வகுப்பிற்கென ஒதுக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றேன். வெள்ளைப் பீங்கான் தட்டும் கைலென்ஸும் போதும். ஒரு கொடியை மட்டும் எடுத்து, பார்த்தபின் அந்நீரிலேயே விட்டுவிடலாம். எடுத்தவுடன் செவியருகே பிடித்துக் கேட்பவர்க்கு, பைகள் நீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும் மெல்லிய சடசடப்புக் கேட்கும்.