சிறந்த வழி யாருக்குச் சிறந்தது?

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடியில் அமைந்த சிற்றூர் அமிர்தி. அங்கு நின்று, மலைமேலுள்ள ஜமுனாமரத்தூருக்குச் சிறந்த வழி யாதென வினவினால், விடை கூறுவார் யாவரோ அவரைப் பொறுத்தே விடையும் அமையும். தலைச்சுமையோடு நடப்பவர் ஒற்றையடிப் பாதையைக் காட்டுவர். சாமை மூட்டைகளை வண்டியில் ஏற்றிச் செல்பவர், சுற்றாயினும் சாலையே சிறந்ததென்பர். பிறிதொருவர், தம் உறவினர் ஊர் இடையிலிருத்தலால் அவ்வழியே செல்க என்பர். மூவருள் ஒருவரும் பொய் கூறினாரல்லர். சிறப்பு என்னும் சொல்லுக்கு மூவரும் மூன்று பொருள் கொண்டனர், அவ்வளவே.

இணையம் எனப்படும் உலகப் பெருவலையும் இவ்வினாவுக்கு இங்ஙனமே விடை பகர்கின்றது என்பதை நம் மாணவருட் பலர் அறியார். நாம் அனுப்பும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு, மிகக் குறுகிய வழியாக விரைந்து சென்று சேர்கின்றதென்று அவர் நினைக்கின்றனர். அந்நினைவு பாதியளவே உண்மையாகும்.

ஒரு நிறுவனத்தின் சொந்த வலைக்குள்ளே அஃது உண்மைதான். டச்சு நாட்டறிஞர் டைக்ஸ்ட்ரா 1956-இல் கண்டு, 1959-இல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கு இன்றும் அத்தகைய உள்வழிகளை வகுக்கப் பயன்படுகின்றது. உடைமையாளர் ஒருவரே ஆதலின், இணைப்புகளின் நிலையெல்லாம் ரவுட்டர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் இணைப்புக்கும் இட்ட மதிப்பைக் கூட்டிப் பார்த்துக் குறைந்ததைக் கொள்ளுதல் எளிது.

வலைக்கும் வலைக்கும் இடையேதான் சிக்கல் பிறக்கின்றது. உலகில் இன்று 70,000-க்கு மேற்பட்ட தனியாட்சி வலைகள் உள. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண் பெற்றது; தன் உள்நிலையைப் பிறர்க்குக் காட்ட உடன்படாதது. இவற்றைப் பிணைத்து நிற்பது, சுருக்கமாகப் பீ.ஜி.பி. என வழங்கும் எல்லைவாயில் நெறிமுறை. 1989-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்க நாட்டு ஆஸ்டின் நகரில் நடந்த கூட்டமொன்றின்போது, லாக்ஹீட், ரெக்தர் என்னும் இருவர் உணவு வேளையில் கைதுடைக்கும் தாள்களின்மேல் வரைந்ததே அதன் முதல் வடிவம். உலகத்தின் செய்தியெல்லாம் இன்று இந்நெறிமுறையை நம்பியே செல்கின்றது என்பதை எண்ணுங்கால் வியப்போடு சிறிது அச்சமும் உண்டாகின்றது.

அந்நெறிமுறை செய்வது யாது? ஒவ்வொரு வலையும் தன் அயல்வலையை நோக்கி, "இன்ன முகவரிகளுக்கு என் வழியே செல்லலாம், இடையில் இன்னின்ன வலைகள் உள" என்று அறிவிக்கின்றது. ஓரிடத்திற்கே பல அறிவிப்புகள் வருமாயின், ரவுட்டர் அவற்றை முறையே சோதித்து ஒன்றைத் தெரிந்துகொள்ளும். முதன்மையான சோதனை தொலைவைப் பற்றியதன்று, வேகத்தைப் பற்றியதுமன்று. வலையின் நிருவாகி முன்னரே எழுதி வைத்த விருப்ப எண் ஒன்றுண்டு. அதனையே ரவுட்டர் முதலில் நோக்கும். பெரிய எண் பெற்ற வழி வென்றது. ஏனையவற்றின் குறுக்கமும் விரைவும் கேட்பாரற்றுப் போம். அவ்வெண்ணை எழுதும் கை நிருவாகியின் கையேயெனினும், எழுதுவிப்பது பெரும்பாலும் பணப்பையே. தனக்குக் காசு தரும் வாடிக்கை வலையின் வழி முதலாவது. காசின்றிப் பண்டமாற்றுப்போல் பழகும் இணைவலையின் வழி இரண்டாவது. தான் காசு கொடுக்க வேண்டிய மேல்வலையின் வழி கடைசி. விருப்ப எண்கள் ஒத்து நின்றாலன்றி, இடைப்பட்ட வலைகள் எத்தனை என்று எண்ணப்படுவதேயில்லை.

அவ்வெண்ணிக்கைதானும் நேரிய அளவுகோலாகுமோ? கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் ஒரு பெருவலைக்கும் எண் ஒன்றுதான். சென்னையில் ஒரே கட்டடத்துள் அடுத்தடுத்து அமைந்த மூன்று சிறுவலைகளுக்கோ எண் மூன்று. மூன்றினும் ஒன்று சிறிதாகையால் கடல்வழி வெல்லும். கட்டடத்துக்குள் இருந்த வழி தோற்கும். காதங்களை எண்ணாது, கடந்த ஜமீன்களை எண்ணி வழி சொல்பவனை ஒத்தது இது. இதனாலும் தீராதபோது, வேறு சில சோதனைகளின் பின், எந்த வாயிலில் பொதியை விரைவாக அயலாரிடம் தள்ளிவிடலாம் என்று பார்ப்பதுண்டு. சுடுகிழங்கைப் பக்கத்திலிருப்பவர் கையில் போடுதல் என்று பொறியியலார் இதனை நகையாடிக் கூறுவர். இருபுறத்தாரும் இவ்வாறே செய்தலால், போகும் வழி ஒன்றாகவும் மீளும் வழி மற்றொன்றாகவும் அமைதல் பெரும்பான்மை.

இனி, நம் நாட்டின் நிலையை நோக்குவோம். 2003-க்கு முன்னர், நேரே இணையாத இரண்டு இந்திய வலைகளுக்கிடையே செல்லும் பொதி, அனுப்புநரும் பெறுநரும் ஒரே நகரத்தாராயினும், கடல் கடந்து அயல்நாட்டு மேல்வலையை அடைந்து திரும்ப வேண்டியிருந்தது. இருபுறத்தாரும் அம்மேல்வலைகளுக்குப் பணமும் கட்டினர். 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இயங்கத் தொடங்கிய ஐ-டூ-ஐ என்னும் கடற்கம்பியின் நீளம் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லுமாதலின், சிங்கப்பூர் சென்று மீள 32 மில்லிவினாடி வேண்டும். வேலூருக்கும் சென்னைக்கும் நேரே செல்ல ஒரு மில்லிவினாடியே போதும். இக்குறையைத் தீர்க்கவே 2003-இல் நிக்சி எனப்படும் தேசிய இணையச் சந்திப்பகம் நிறுவப்பட்டது. சென்னை, மும்பை, கொல்கத்தா, நொய்டா ஆகிய நான்கும் அதன் முதற் சந்திப்பிடங்கள்.

சந்தைக்குக் கொட்டகை போட்டால் மட்டும் போதுமோ? வணிகர் சரக்கைக் கொண்டு வருதல் வேண்டும். நிறுவனத்தார் சிலர் அங்கே தம் வழிகளிற் சிலவற்றையே அறிவித்து, எஞ்சியவற்றை மறைத்தனர். சந்திப்பகத்தின் பயனைப் பெருக்குதற்கான பரிந்துரைகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007-இல் வெளியிட நேர்ந்தது இத்தகைய குறைகளாலேயாம்.

குறுகிய வழியையே கொள்ளுமாறு சட்டம் செய்க என்பாருமுளர். அஃது எமக்கு உடன்பாடன்று. தத்தம் விருப்பப்படி தேரும் உரிமை இருந்தமையாலன்றோ இத்தனை ஆயிரம் வலைகள் ஒன்றோடொன்று கைகோத்தன? ஆயினும் பொதுப்பணத்தால் நடைபெறும் வலைகளும், சொந்த எண் பெற்ற கலாசாலை வலைகளும், அரசினர்க்கு இணையப் பணி புரியும் நிறுவனங்களும் உள்நாட்டுச் சந்திப்பகத்தில் தம் வழிகள் அனைத்தையும் அறிவித்தே தீர வேண்டும் என்போம். மக்கள் பணத்தைப் பெற்றவர், "சிறந்தது எமக்கே" என்று விருப்ப எண் எழுதுதல் முறையன்று. மலைமேலிருந்து நகர மருத்துவரோடு காணொளியிற் பேசும் நோயாளிக்கு அவ்வெண் தெரியாது. இடையிடையே குரல் அறுந்து போவது மட்டுமே தெரியும். மலையூர்களின் குறை பெரிதும் கோபுரக் குறையும் கம்பிக் குறையுமே என்பதை மறுக்கவில்லை. ஆனால் அரும்பாடுபட்டுக் கம்பியை மலையேற்றிய பின், பொதியைக் கடலில் இறக்கிச் சுற்றவிடுதல் என்ன சிக்கனம்?

மற்றொன்றும் சொல்லற்பாலது. அறிவிப்பவர் சொல்வதை அயலார் நம்புவதே இந்நெறிமுறையின் உயிர். 2008-ஆம் ஆண்டு பெப்ருவரி 24-ஆம் நாள், யூடியூபைத் தம் நாட்டுக்குள் மட்டும் தடுக்க எண்ணிய பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனத்தார், அதன் 256 முகவரிகளைத் தமவென அறிவித்தனர். அவ்வறிவிப்பு மேல்வலை வழியாக வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. குறிப்பாகச் சுட்டும் சிறு தொகுதியே பொதுவாகச் சுட்டும் பெருந்தொகுதியை வெல்லும் என்பது விதி. அங்கே விருப்ப எண்ணுக்கும் இடமில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதியில் யூடியூப் காணாமற் போயிற்று. முகவரிக்கு உரியவர் கையொப்பமிட்ட சான்றை வைத்து அறிவிப்பைச் சரிபார்க்கும் ஆர்.பி.கே.ஐ. என்னும் முறை அதன்பின் வந்துளது. இடைவழி முழுவதையும் அது காக்காது. எனினும் தொடக்கத்தில் நிகழும் இத்தகைய பொய்யைப் பிடிக்கும். அச்சான்றைப் பதிவு செய்யாதிருத்தற்கு எந்த வலையாரும் தக்க காரணம் கூற இயலாதென்பது எம் துணிபு.

ஐயமுடைய மாணவர் கணிப்பொறியில் டிரேஸ்ரூட் என்னும் கட்டளையை இட்டுப் பார்க்கலாம். பொதி கடக்கும் ரவுட்டர்கள் வரிக்கு ஒன்றாகத் தோன்றும். சில வாய் திறவாமல் உடுக்குறி மட்டும் காட்டும். உள்நாட்டு முகவரியொன்றை நாடிய பொதிக்குச் சென்னை ரவுட்டரை அடுத்த வரியில் காலக்கணக்கு திடீரென 30 மில்லிவினாடிக்கு மேல் ஏறி, அதன்பின் இறங்காமலே நிற்குமாயின், அப்பொதி எந்தக் கடலைப் பார்த்துவிட்டு வந்தது என்பதை அவர் நிருவாகியிடம் கேட்கலாம்.