சாயத்தண்ணி

உடப்புசல்லாவையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தேயிலைச் சாயத்தின் வாசனையை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பிய குழாயைத் திறந்து சுவரொட்டியை உருவியதுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்: "என்னாங்க, பிளேன்டிய கொட்டிட்டீங்களா?"

கொட்டவில்லை. எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்து வாங்கிய '1974 ஒரிஜினல்' பொப்பிசைச் சுவரொட்டி அது. புதுத் தாளைப் பழசாக்கிக் காட்ட எவனோ தூளைக் கொதிக்கவைத்து, இரண்டு பக்கமும் பூசிக் காயவைத்திருக்கிறான். கொழுந்து பறிக்கிற ஊருக்கே சாயத்தைத் திருப்பி அனுப்பிக் காசும் வாங்கிவிட்டான். என்ன துணிச்சல் பாருங்கள்.

சரி, எங்காவது டீக்கடைக்காரர் வைத்திருந்த சுவரொட்டியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கண்ணாடியை மாட்டினேன். நட்டநடுவில் கொட்டை எழுத்தில் 'இன்னிசை மாலை'. அந்த 'லை'யைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்தது. அந்தக் காலத்து ஈய எழுத்தில் 'லை' இப்படியா இருக்கும்? ல-வின் தலைக்கு மேல் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு இருக்கும். இன்றைய வடிவத்துக்குத் தமிழ்நாட்டு அரசு ஆணை போட்டதே 1978இல்தான். பெரியாரின் குடிஅரசு 1935இலேயே எழுத்தை மாற்றியது உண்மைதான். அதற்காக, பொப்பிசைக்கு நோட்டீஸ் அடித்த மலைநாட்டு அச்சகக்காரரும் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தப்படி கோத்தார் என்று நான் நம்பவேண்டுமா?

அதுவாவது போகட்டும். எழுத்துரு பாமினி. கல்யாணக் கார்டிலிருந்து மரண அறிவித்தல் வரை கம்ப்யூட்டர் வந்த பிறகு நம் நாட்டையே ஆண்ட அதே பாமினி. அதற்குக் கீழே பொப்பிசைப் பாடகர் ஏ.ஈ. மனோகரனின் படம், இணையத்தில் உலவுகிற அவருடைய பிற்கால முகத்தோடு.

விற்றவருக்கு எடுத்தேன்.

"அது ரீபிரின்ட் சேர்."

"ஒரிஜினல் எண்டுதானே சொன்னீங்க?"

"ஒரிஜினல்ல இருந்து எடுத்தது எண்டு சொன்னன் சேர்."

இதற்கு என்ன பதில் சொல்வது?

கொப்பி எடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. சன் பிரான்சிஸ்கோவில் 1966 தொடக்கம் பில்மோர், அவலோன் மண்டபங்களின் இசை இரவுகளுக்கு அடித்த சுவரொட்டிகள் இன்று உலகம் முழுவதும் சேகரிக்கப்படுகின்றன. கிரேட்புல் டெட் குழுவுக்காக ஓவியர்கள் மவுஸும் கெல்லியும் செய்த, ரோஜா மாலை சூடிய எலும்புக்கூட்டுப் படமே ஒரு கொப்பிதான். உமர் கய்யாம் கவிதைகளுக்கு எட்மண்ட் சலிவன் என்பவர் வரைந்து வைத்த பழைய படத்தைத்தான் அப்படியே எடுத்துப் போட்டார்கள். ஆனால் அந்தச் சுவரொட்டிகளில் எது முதல் அச்சு, எது இரண்டாவது அச்சு, தாள் என்ன, அளவு என்ன என்றெல்லாம் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். மறு அச்சை மறு அச்சு என்று சொல்லியே விற்கிறார்கள், வாங்குகிறவனும் தெரிந்தே வாங்குகிறான். நானும் நாலைந்து கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் 'பிரதி' என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? தூளைக் கொதிக்கவைக்கிற நேரத்தில் நூறு தாளில் எழுதிவிடலாமே!

விற்கிறவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, நம் ஆட்களையும் சொல்லவேண்டும். ஐந்து வருடம் தேடி என் கையில் சேர்ந்தது மொத்தம் பதினொரு சுவரொட்டி. ஒன்றில் பாடகர் பெயர் இருந்த மூலையைக் கரப்பான் தின்றுவிட்டது. கூட்டாளி ஒருவர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று இன்னொன்றை லெமினேட் பண்ணிக் கொண்டுவந்தார். "இனி மழ நனஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். ஆகாதுதான். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் இனி பிரம்மாவாலும் உரிக்க முடியாது. மழையும் மூடுபனியுமாக வருடத்தில் பாதி நாள் துணியே காயாத ஊரில், மிச்சத்தைப் பூஞ்சணம் பார்த்துக்கொள்கிறது.

பெயர் ஒன்று, சரக்கு வேறு என்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 'உடப்புசல்லாவை ரயில்பாதை' என்று ஒன்று இருந்தது தெரியுமா? நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக வந்த சின்ன ரயில். இராகலையோடு நின்றுவிட்டது. பெயர் மட்டும் எங்களுடையது. 1948இல் அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

உண்மையான சுவரொட்டி ஒன்றை நான் பார்த்தது சுவரில் இல்லை, பெட்டிக்குள். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று எழுதப்பட்ட ஐந்தேகால் இலட்சம் பேரில் அவர் குடும்பமும் அடக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏற டிரங்குப் பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. அண்ணன் குடும்பம் போய் இப்போது கூடலூர்ப் பக்கம் இருக்கிறது. இவர்கள் போகவில்லை, பெட்டி மட்டும் கட்டினபடி இருந்துவிட்டது. அதன் அடித்தகட்டில் துரு ஏறாமல் இருக்க விரித்த தாள்தான் நான் சொல்லும் சுவரொட்டி.

சேலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டுக் காட்டினார். இருபதுக்கு முப்பது அங்குலம், டபிள் கிரவுன். சிவப்பு மையில் 'பொப்பிசை' என்ற பெரிய எழுத்து. அதன் கீழே 'இராகலை', அதில் துதிக்கை தூக்கிய அசல் 'லை'. ஓரத்தைப் புரட்டி முதுகைத் தடவினேன், எழுத்து அழுந்திய தடம் விரலில் தட்டுப்பட்டது. அடியில் எறும்பு எழுத்தில் அச்சகத்தின் பெயர். டிக்கெட் இரண்டு ரூபா. டிசம்பர் 14, சனிக்கிழமை. வருடம் மட்டும் இல்லை. அடுத்த வாரம் நடக்கிற நிகழ்ச்சிக்கு எவன் வருடம் போடுவான்? என் பதினொன்றில் ஒன்றில்கூடக் கிடையாது. சாயத்தண்ணிக்காரர்தான் ஞாபகமாக '1974' என்று போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். டிசம்பர் 14 சனியாக வந்தது 1963, 1968, 1974, 1985. நிதி கனகரத்தினமும் மனோகரனும் பாடிப் பொப்பிசை பரவியது எழுபதுகளில், ஆகவே 1963 இல்லை. 1966 முதல் 1971 வரை நாட்டில் சனி, ஞாயிறு லீவே கிடையாது, போயா நாட்களை ஒட்டித்தான் வார லீவு. ஆகவே 1968உம் அநேகமாக இல்லை. 83 கலவரத்துக்குப் பிறகு இராகலையில் இரவு நிகழ்ச்சிக்கு யார் போயிருப்பார்கள்? மிஞ்சுவது 1974. தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் தவித்த பஞ்ச வருடம். அந்த வருடத்தில் கோதுமை மாவைக் காய்ச்சிச் சுவரில் பூசியவனை என்னென்ன சொல்லித் திட்டியிருப்பார்களோ! ஒருவேளை அதனால்தான் இந்தத் தாள் சுவருக்குப் போகாமலே பெட்டிக்கு வந்ததோ என்னவோ.

அடுத்த முறை போனபோது மெதுவாகக் கேட்டேன். காசு தருகிறேன் என்றும் சொன்னேன்.

"காசு என்னாத்துக்கு சாமி? இத எடுத்துட்டா பெட்டிக்கு அடியில என்னாத்த விரிக்கிறது?"

அப்போதுதான் அந்த எண்ணாயிரத்து ஐந்நூறு நினைவுக்கு வந்தது. மறு ஞாயிற்றுக்கிழமை குழாயோடு போய் விரித்துக் காட்டினேன். அதே அளவு, அதைவிடத் தடித்த தாள், அழகான படம். பாட்டி இரண்டு கையாலும் வாங்கித் தடவிப் பார்த்தார். முகத்தருகே கொண்டுபோனவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதென்னா சாமி, சாயத்தண்ணி நாத்தமடிக்கிது? சீலையில எல்லாம் புடிச்சுக்குமே."

சுருட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.