சேஸிஸ் வளைஞ்சிருச்சாம்! எந்தச் சேஸிஸ்?



"சேஸிஸ் வளைஞ்சிருச்சு சார், இரும்பு விலைக்குப் போட்டுருங்க." பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களிடம் இப்படிச் சொல்வது சில பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. நான் கேட்பது இதுதான்: எந்தச் சேஸிஸ்? அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த வண்டி. ஜீப், லாரி போல அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியும் அடித்தளமும் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடு. கூடு கோணலாகலாம், மறுக்கவில்லை. ஆனால் அளந்தீர்களா? டேப்பையாவது கையில் எடுத்தீர்களா?

என் தம்பி மகனுக்கு அவன் அப்பா விட்டுப்போனது ஓர் அம்பாசிடர். அதை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது. நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றது. முதல் பட்டறையில் ஒரு பக்கத்து டை ராடை மட்டும் முறுக்கி ஸ்டீயரிங்கை நேராக்கினார்கள். டோ கெட்டுப்போய், முன் டயர் இரண்டும் ஓரம் தேய்ந்தன. அடுத்து கம்ப்யூட்டர் அலைன்மென்ட். மெஷினை நான் குறை சொல்லமாட்டேன். பின் ஆக்சில் கோணலை அது சிவப்பில் காட்டியது. "இந்த வண்டிக்குப் பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் இல்லை" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்கள்! மூன்றாவது இடத்தில்தான் இரும்பு விலை.

கொத்தனாரின் தூக்குக்குண்டு, சாக்பீஸ், டேப் போதும். சமதளத்தில் முன் சக்கரங்களை நேராக வைத்து, நான்கு சக்கர மையங்களிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் இடையே இருபுறமும் 2464 மி.மீ. அளவில், ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். மூலைவிட்டம் இரண்டும் சமமாக வேண்டும். கரும்பலகையில் எத்தனை முறை போட்ட கணக்கு இது! பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டம் மட்டும் மாறினால், ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும் அல்லது கூடு சாய்சதுரம் போலச் சாய்ந்திருக்கும். பக்கமே மாறினால், பின் கமான் பட்டையின் முன் கண்ணிலிருந்து ஆக்சில் வரை இருபுறமும் அளக்க வேண்டும். அது சமமென்றால் குற்றம் முன்பக்கத்தில். சமமில்லையென்றால் ஆக்சில் நழுவியிருக்கிறது.

அவன் வண்டியில் வலப்பக்கம் 18 மி.மீ. கூடுதல், கமான் அளவிலும் அதே 18. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் அந்தக் கோணத்தில் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தைவிட்டு 3 செ.மீ.க்கு மேல் விலகி, வண்டி நண்டு போல ஓடும். ஈரத் தரையில் ஓட்டிப் பார்த்தால் தடமே காட்டிக்கொடுக்கும். மழையில் பிரேக் அடிக்கும்போது உள்ளே உட்கார்ந்திருப்பது யாரோ ஒருவர் பிள்ளை அல்லவா?

கட்டின் நடுவே இருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் மேடையின் துளையில் உட்கார்ந்து இடத்தைக் காக்கும். யூ போல்ட் தளர்ந்தால் பாரமெல்லாம் அந்தச் சிறு போல்ட் மேல் விழும். அது அறுந்தால் ஆக்சில் நழுவும். இங்கே நடந்ததும் அதுதான். புது சென்டர் போல்ட், புது யூ போல்ட், புஷ். ஓட்டியபின் மறுபடி ஒரு முறை இறுக்கம். கூடு உண்மையிலேயே கோணலாகியிருந்தால் வேலை பெரியது. அடிபட்ட திசைக்கு எதிராகச் சங்கிலி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒவ்வொரு முறையும் இழுவையைத் தளர்த்திவிட்டு அளக்க வேண்டும், தகடு பின்வாங்கும். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி இழுப்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள். முதலில் கூடு, பிறகு பின் ஆக்சில், அதன்பின் முன்பக்கம், கடைசியில்தான் டோ. நம் ஊரில் கடைசிப் பாடத்தை முதலில் நடத்துகிறார்கள்.

என் பிள்ளைகளில் பட்டறை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். கோபம் வந்தால் தாராளமாகப் போன் போடுங்கள். கடைசியாகப் பார்த்த வண்டியின் நான்கு அளவுகளையும் எழுதி வைத்துக்கொண்டு போடுங்கள்.