பழைய துணிக்குச் சுவர் இருக்கு... கடை ஏன் இல்லை?

இன்ஸ்டாகிராமில் 'த்ரிஃப்ட்' என்று தேடிப் பாருங்கள். யாரோ போட்டுக் கழித்த டெனிம் ஜாக்கெட், நைன்டீஸ் டிசைன் சட்டை எல்லாம் விலை போட்டு வரிசையாக நிற்கும். எடுத்துப் போட்டால் 'விண்டேஜ்'! அதே சட்டையைத் திருவேங்கடம் பஜாரில் தொங்கவிட்டால்? "அடுத்தவங்க போட்டதையா போடுறது?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

இத்தனைக்கும் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டு வளர்ந்த ஊர்தான் நம்மளது. பழைய துணியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்காத தெரு உண்டா? பழசு நமக்குப் புதுசு இல்லை. யாரிடமிருந்து வருகிறது என்பதில்தான் கூச்சம்.

ஆக்ஸ்ஃபாம் செய்த வேலை

இங்கிலாந்தில் 1942-ல் தொடங்கிய ஆக்ஸ்ஃபாம், அந்தக் கூச்சத்தை ஒரு கடை போட்டே உடைத்தது. மக்கள் துணி கொடுப்பார்கள், தன்னார்வலர்கள் தரம் பிரித்து விலை ஒட்டுவார்கள், விற்ற பணம் தொண்டுக்குப் போகும். அங்கே சட்டை வாங்குபவர் தானம் வாங்கவில்லை, தானம் செய்கிறார். அதனால் மாணவரும் போகலாம், பணக்காரரும் போகலாம். பில் போட்டுவிட்டால் யாரும் யாரையும் கேட்க முடியாது.

நம்ம பக்கம் வந்தது வேறு மாதிரி. 2015-ல் ஈரானின் மஷ்ஹத் நகரில் தொடங்கிய 'அன்புச் சுவர்' யோசனை, 2017-ல் பாளையங்கோட்டைக்கு வந்தது. தொடங்கி வைத்தவர் அப்போதைய நெல்லை கலெக்டர் சந்தீப் நந்தூரி. அப்போது தென்காசி தனி மாவட்டம்கூட ஆகவில்லை. வேண்டாததை வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால், எடுக்கிறவர் நாலு பேர் பார்க்க நின்று எடுக்கணுமே!

இலவசம் என்றால் கொடுக்கிறவருக்கும் அலட்சியம் வந்துவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. உடுத்தவே முடியாதது அதில் ஏராளம். வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் இழந்தவருக்கும் பிடித்தது, பிடிக்காதது இருக்கும் என்பதை அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை.

இதைப் புரிந்துகொண்டது 'கூஞ்ச்' அமைப்பு. 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கியது. 2015-ல் அவருக்கு மகசேசே விருதும் கிடைத்தது. இவர்கள் துணியைச் சும்மா கொடுப்பதில்லை. கிராம மக்கள் குளம் தூர்வாருவது, பாதை போடுவது போன்ற வேலைகளைச் செய்வார்கள். அதற்கான வெகுமதியாகத் துணி வரும். கூலியாக வந்த சட்டையைப் போட யார் கூச்சப்படுவார்கள்?

நம்ம ஊரில் முடியுமா?

பெரிய கட்டடமெல்லாம் வேண்டாம். ஒரு கல்லூரி என்.எஸ்.எஸ். குழு, மாதம் ஒரு ஞாயிறு, நாலு மேஜை போதும். துவைத்து, அயர்ன் செய்து, பட்டன் தைத்து வாங்கணும். கிழிசலைத் திருப்பி அனுப்பணும். சட்டைக்குச் சின்னதாக ஒரு விலை கட்டாயம் வேண்டும். அந்த விலைதான் வாங்குபவருக்கு, "இது பிடிக்கலை, அதைக் காட்டுங்க" என்று கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது.

வாங்கப் போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்!

* தோள் அளவு சரியாக இருக்கணும். இடுப்பையும் நீளத்தையும் டெய்லர் பிடித்துக் கொடுப்பார். தோளை மாற்றுவது பெரிய வேலை.

* வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடமும் பூச்சி அரித்த ஓட்டையும் தெரிந்துவிடும்.

* காலர், அக்குள், ஜிப் மூன்றையும் பாருங்கள். மஞ்சள் கறை லேசில் போகாது.

* சாயம் போகாதா என்று பார்த்துத் தனியாகத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள்.

* விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். போடாத சட்டை பீரோவில் இருந்தாலும் குப்பைதான்.

கொடுக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விதி. உங்கள் நண்பனுக்குக் கொடுக்கத் தயங்கும் துணியை மேஜைக்கும் கொண்டு வராதீர்கள்.